பதினான்காம் தாள்

மே 2, வெள்ளி

காலை 5.40க்கு எழுந்தேன். ரத்த அழுத்த மாத்திரை. ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்து ஏழே காலுக்கு நின்றது. தொட்டி நிரம்பி வழிந்தது. கோடையிலும் எங்கள் பள்ளிக்கூடத் தெருவில் தண்ணீருக்குக் குறையில்லை. செண்பகம் மாடியில் கூழ்வற்றல் பிழிந்திருக்கிறாள். காக்கை விரட்டுவது என் பொறுப்பு.

பத்து மணிக்கு நகராட்சி அலுவலகத்திலிருந்து தளவாய் பேசினார். நான் ஓய்வு பெற்ற ஆண்டில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர், இப்போது கண்காணிப்பாளர். வேலங்குறிச்சி நகராட்சி இம்மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அதன்பின் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மாநகராட்சியில் நாங்கள் நான்கு வார்டுகள். எல்லா ஆவணங்களையும் ஒப்படைக்க வேண்டுமாம். பழைய குடிநீர்க் குழாய் வரைபடங்கள் முப்பத்தொரு தாள் இருக்கின்றன, எது எந்தத் தெரு என்று சொல்ல அலுவலகத்தில் ஆளில்லை. "எல்லாம் நீங்க வரைஞ்சதுதானே சார், நாலு நாள் வந்து தெருப் பேரை மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எழுபத்து நான்கு வயதில் என் நினைவை நம்பி ஒரு நகராட்சி தாள்களை ஒப்படைப்பது சரியா என்று எனக்கே ஐயம்.

செண்பகத்துக்கு ஐயமில்லை. "போயிட்டு வாங்க. நீங்க காவலுக்கு இருந்தா காக்கா பயமில்லாம வருது."

மே 5, திங்கள்

குடை, கண்ணாடி, பென்சில் இரண்டு, தயிர்சாதம். 9.50க்குப் பதிவறைக்குள் போனேன். மின்விசிறிக்கு அடியில் மேசை போட்டிருந்தார்கள். தாள்களைச் சுருள் பிரித்து மேலே செங்கல் வைத்தேன். கோடுகளைப் பார்த்ததும் தெருக்கள் தாமாக நினைவுக்கு வந்தன. பகல் ஒரு மணிக்குள் பதின்மூன்று தாள் முடிந்தது.

மாநகராட்சியிலிருந்து ஜெபசெல்வி என்ற உதவிப் பொறியாளர் வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். வெடுக்கென்று பேசினாலும் மரியாதை குறையவில்லை. இந்தத் தாள்களை வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இணைப்போடு புதிய குடிநீர்த் திட்டம் வருகிறதாம். குழாய் இல்லாத தெருக்களின் பட்டியல் முப்பதாம் தேதி போக வேண்டும். "படத்துல கோடு இருந்தா அந்தத் தெருவுல குழாய் இருக்குன்னு அர்த்தம் சார். அது பட்டியல்ல வராது. அடுத்த திட்டம் இன்னும் பதினஞ்சு வருஷமோ இருபது வருஷமோ."

பதினான்காம் தாளை எடுத்தபோது மணி ஒன்றே கால். சாப்பிட எழுந்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

15 முதல் 22 வரை முடித்தேன்.

மே 7, புதன்

23 முதல் 31 வரை முடித்தேன். தளவாய் எண்ணிப் பார்த்துவிட்டுப் பதினான்கு எங்கே என்றார். ஓரம் கிழிந்திருக்கிறது, ஒட்டித் தருகிறேன் என்றேன்.

தாள் கிழியவில்லை.

மே 8, வியாழன்

பதினான்காம் தாள், தெற்குக் காலனி. நகராட்சித் துப்புரவுப் பணியாளர்களின் குடியிருப்பு, எண்பத்து நான்கு வீடுகள். 1984இல் வரைந்தது. பிரதான சாலையிலிருந்து காலனியின் கடைசி வீடுவரை நான்கு அங்குலக் குழாய், நீளம் 620 மீட்டர். கோடு சுத்தமாக இருக்கிறது. அடியில் 'நேரில் அளந்து வரையப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திடப்பட்டிருக்கிறது.

அந்தக் காலத்தில் பொறியாளர் சபாபதி, களத்தில் எடுத்த அளவுகளைக் குறித்த அளவுப் புத்தகத்தைக் கொடுப்பார். வரைவாளர் வரைவார். அதுதான் நடைமுறை. அளவுப் புத்தகத்தைச் சந்தேகிப்பது வரைவாளரின் வேலை அல்ல.

இன்று தளவாயிடம் பேச்சுவாக்கில் தெற்குக் காலனிக்குத் தண்ணீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன். மூன்று நாளைக்கு ஒரு முறை லாரி, வீட்டுக்கு ஆறு குடம். "குழாய் இருக்கு சார். அவங்கதான் வீட்டு இணைப்பு கேட்டு வரல. கோப்புல அப்படித்தான் இருக்கு."

நினைவு பிசகுவது உண்டு. நேரில் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது.

மே 9, வெள்ளி

தெற்குக் காலனிக்குப் போனேன். ரயில்வே கேட் அருகே ஒருவரிடமும் பெட்டிக்கடையில் இன்னொருவரிடமும் வழி கேட்க வேண்டியிருந்தது.

தெரு நேராக இல்லை. நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு பாறை. அதைச் சுற்றித் தெரு இடப்புறம் நன்றாக வளைகிறது. பாறை நேற்று முளைத்தது அல்ல. தாளில் தெரு அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருக்கிறது.

வளைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாள் யார் என்று கேட்டார். மாடத்தி என்று பெயர். அறுபதைத் தாண்டியவர், நகராட்சியில் முப்பது ஆண்டு தெருக்கூட்டி ஓய்வு பெற்றவர், காலனிச் சங்கத்துக்கு இப்போது தலைவி. நான் யாரென்று சொல்லுமுன் அவரே சொன்னார்: "டிராயிங் சாருல்லா? ஆபீஸ்ல பாத்திருக்கேன். இங்கன நீங்க வந்து பாத்ததில்ல."

குழாய் சம்பந்தமாக என்றேன்.

"எந்தக் குழா?" என்றார்.

மே 12, திங்கள்

ஜெபசெல்வியிடம் கடிதம் கொடுத்தேன். 'தெற்குக் காலனியில் குழாய் பதிக்கப்பட்டது குறித்து ஐயப்பாடு எழுந்துள்ளதால் சோதனைக் குழி எடுத்துப் பார்க்கப் பணிவுடன் வேண்டப்படுகிறது.' மூன்று முறை எழுதிப் பார்த்த வாசகம்.

படித்துவிட்டு, "யாருக்கு ஐயப்பாடு சார்?" என்றார்.

பொதுவாக என்றேன்.

சிரித்துக்கொண்டே, ஒரு குழிக்கு மட்டும் அனுமதி தருவதாகச் சொன்னார். முப்பதாம் தேதிக்குள் என்றால் அவர் கையெழுத்தே போதும். அதன்பின் சாலையைத் தோண்ட மாநகராட்சி அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

திரும்பும்போது சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். நகர எல்லை வளைவில் 'நகராட்சி' என்ற சொல்லின்மேல் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

மே 16, வெள்ளி

காலை ஏழரைக்குத் தெற்குக் காலனி முகப்பில் குழி. மாடத்தியின் மகன் இசக்கிமுத்துவும் இன்னும் இருவரும் தோண்டினார்கள். இசக்கிமுத்து ஆட்டோ ஓட்டுகிறவர், காலைச் சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தார். வெயிலுக்கு முன் முடியட்டும் என்று நான் மோர் கொண்டுபோயிருந்தேன். எடுத்துப்போக வசதி என்று காகிதக் குவளைகள் வாங்கினேன்.

மாடத்தி குவளையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வீட்டுல டம்ளரு இல்லியோ சார்?"

வசதிக்காக என்றேன். அது உண்மை என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றடி ஆழத்தில் கடப்பாரை 'ணங்' என்றது. மண்ணை விலக்கினால் நான்கு அங்குல வார்ப்பிரும்புக் குழாய்.

ஜெபசெல்வி குனிந்து பார்த்தார், படம் எடுத்தார். "குழாய் இருக்கு சார்." குரலில் கோபமில்லை, அலுப்பு இருந்தது. கூடியிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். இசக்கிமுத்து மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "பெரியவரே, இருக்கற குழாயை இருக்குன்னு காட்டுறதுக்கா எங்களைத் தோண்ட வச்சிய? இனிமே மனுக் குடுத்தா இந்தப் படத்தைத்தான் காட்டுவான்" என்றார்.

நான் தலையிடாமல் இருந்திருந்தால் ஒரு கோடு மட்டும் இருந்திருக்கும். இப்போது ஒரு புகைப்படமும் இருக்கிறது.

மே 17, சனி

வற்றல் காய்ந்துவிட்டது. டப்பாவில் போட்டேன்.

மே 18, ஞாயிறு

காலையில் மறுபடி தெற்குக் காலனிக்குப் போனேன். ஏன் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. குழியை மூடியிருந்தார்கள்.

மாடத்தி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவருக்கும் யோசனையாகவே இருந்திருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் காலனி முகப்பில் ஒரு குழாய் திறந்தார்களாம். சேர்மன் வந்து குழாய்க்கு மாலை போட்டு, ஆரத்தி எடுத்து, முதல் குடத்தை இவர் தலையில்தான் தூக்கி வைத்தார்களாம். "அந்தத் தலையெழுத்துதான் சார், அதுக்குப் பொறவு குடம் எறங்கவேயில்ல." ஐந்தாறு மாதம் தண்ணீர் வந்தது. சாலையை அகலமாக்கியபோது குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். அந்தத் திறப்பு விழாவுக்காகப் பதித்த துண்டுதான் இப்போது கடப்பாரையில் தட்டுப்பட்டிருக்கிறது. விழா நடந்த வாரம் நான் விடுப்பில் இருந்தேன், எங்கள் மகள் பிறந்த சமயம். விழா பற்றி எனக்குத் தெரியாது.

பிறகு ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்து வந்தார். இத்தனை ஆண்டுகளில் காலனி கொடுத்த மனுக்களுக்கு நகராட்சி எழுதிய பதில்கள். ஒவ்வொன்றிலும் ஒரே வாசகம்: 'வரைபட எண் 14இன்படி தங்கள் குடியிருப்பில் குடிநீர்க் குழாய் ஏற்கெனவே பதிக்கப்பட்டுள்ளது.' அடியில் ஆணையரின் கையெழுத்து. இடது ஓரத்தில், குறிப்பு எழுதியவரின் சுருக்கொப்பம்.

"இந்த ஓரத்துல சின்னதாக் கிறுக்கியிருக்கே, இது யாரு சார்?"

அலுவலக நடைமுறை என்றேன். கண்ணாடியைத் துடைத்தேன். நான்கு கடிதம்வரை பார்த்தேன், மீதியைப் பார்க்கவில்லை. ஐந்து இருக்கலாம்.

மே 19, திங்கள்

அலுவலகம் போனேன். உள்ளே இன்னும் குழி எடுக்க வேண்டும், ஐம்பது மீட்டருக்கு ஒன்று என்று ஜெபசெல்வியிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். படமும் கோப்பும் புகைப்படமும் ஒரே பக்கம் இருக்கின்றன. அவரால் இனி வெறும் ஐயத்தின்பேரில் தோண்ட முடியாது. காலனிக்காரர்கள் எழுதித் தந்தாலும் எடுபடாது, அவர்கள் நாற்பது ஆண்டாக எழுதித் தந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

"நேரில் அளந்து வரைஞ்சேன்னு கையெழுத்துப் போட்டவரே, நான் அளக்கலன்னு எழுதிக் குடுத்தா அந்தத் தாள் செல்லாது. அப்போ குழி எடுக்கலாம். வேற யார் சொன்னாலும் படம்தான் நிக்கும் சார்."

அப்படி எழுதினால் அந்த நபருக்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தெரியல சார். ஒண்ணும் ஆகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

மே 20, செவ்வாய்

செண்பகத்திடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. ஓய்வூதியத்தில் கைவைப்பார்களா என்றாள். தெரியாது என்றேன். பேப்பரில் போடுவார்களா? தெரியாது. மருமகன் வீட்டில் என்ன நினைப்பார்கள்? அதுவும் தெரியாது.

"ஒண்ணும் தெரியாமலா எழுதப் போறிய? சபாபதி செத்து இருபது வருஷம் ஆச்சு. அவரு பாவத்தை நீங்க எதுக்குச் சொமக்கணும்?" நறுக்கியதைச் சட்டியில் போட்டுக்கொண்டே, "அங்க தோண்ட ஆரம்பிச்சா அங்கயே நிக்குமா? நம்ம தெருவையும் நோண்டுவாவ" என்றாள்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மே 21, புதன்

பக்கத்து வீட்டு நமச்சிவாயம் வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், முப்பது ஆண்டு நட்பு. மாநகராட்சியோடு இணைவதில் ஊரிலேயே அதிக மகிழ்ச்சி அவருக்குத்தான். கடிதத்தாளில் முகவரியைக்கூட மாற்றி அச்சடித்துவிட்டார். செண்பகம் அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

"வேய் ஆவுடையப்பன், உமக்கு எழுபத்து நாலு வயசுக்கு மேல இது என்ன கேடு? முப்பதாம் தேதி அந்த ஆபீசே இருக்காது. பழைய கழுதைகளெல்லாம் அதோட போயிரும். பேசாம இரும்."

அதனால்தான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது என்றேன். தாள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அது மாநகராட்சியின் தாள். பிறகு அங்கே என் சொல் எடுபடாது.

"சரி, எழுதணும்னா எழுதும். அங்க இல்லன்னு மட்டும் எழுதும். மத்தது எதுக்கு? நானும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கேன்."

அவர் போனபின் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். காகிதமும் பேனாவும் எடுத்து வைத்தேன்.

மே 22, வியாழன்

எழுதிய கடிதத்தின் நகல்:

'வரைபட எண் 14ஐ வரைந்தவன் நான். நேரில் அளந்ததாக எழுதியது பொய். தெற்குக் காலனிக்கு 1984இலோ அதன் பின்னரோ என் பணிக்காலத்தில் நான் சென்றதில்லை. குழாய் முழு நீளத்துக்குப் பதிக்கப்படவில்லை என்பதை அறிந்தும், அக்குடியிருப்பினரின் மனுக்களுக்கு ஐந்து முறை குழாய் இருப்பதாகக் குறிப்பு எழுதினேன். ஆ. ஆவுடையப்பன், வரைவாளர் (ஓய்வு).'

ஜெபசெல்வி இரண்டு முறை படித்தார். எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு குழிகளுக்கு அனுமதி எழுதினார்.

கடிதத்தில் இன்னொரு வரிக்கு இடமிருந்தது. விட்டுவிட்டேன்.

மே 23, வெள்ளி

தோண்டுகிறவர்களுக்குத் தெரியாமல் தோண்டச் சொல்லக் கூடாது. மாடத்தி வீட்டு வாசலில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நின்றுகொண்டே கடிதத்தின் நகலைப் படித்தேன். ஓரத்தில் கிறுக்கியது நான்தான் என்றும் சொன்னேன்.

யாரும் கத்தவில்லை. கத்துவார்கள் என்று தயாராகப் போயிருந்தேன். இசக்கிமுத்து மட்டும் எழுந்து ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மாடத்தி நகலை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். "அஞ்சு தடவன்னு எழுதியிருக்கிய."

ஆமாம் என்றேன்.

"எங்கிட்ட ஏழு இருக்கு."

பையைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தரையில் விரித்தார். எண்ணிப் பார்த்தேன். ஏழிலும் என் சுருக்கொப்பம். கடைசிக் கடிதம் நான் ஓய்வு பெற்ற மாதத்தில் எழுதியது. அது எனக்கு நினைவே இல்லை.

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"அது பொறவு பாப்போம் சார். மொதல்ல ஏழுன்னு மாத்தி எழுதிக் குடுங்க."

நேராக அலுவலகம் போய் ஏழு என்று திருத்தி, திருத்தத்துக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

மே 24, சனி

குழிகள் 1, 2, 3. இடத்தைச் சுண்ணாம்பால் நான் குறித்தேன். டேப்பின் மறுமுனையை மாடத்தி பிடித்துக்கொண்டார். முதல் குழி ஐம்பது மீட்டரில். நாலடி ஆழம்வரை மண். ஒன்றுமில்லை. மற்ற இரண்டிலும் ஒன்றுமில்லை.

மோருக்கு எவர்சில்வர் டம்ளர் பன்னிரண்டு கொண்டுபோனேன். செண்பகம் எடுத்துத் தரவில்லை, அலமாரியிலிருந்து நானே எடுத்தேன். மாடத்தி டம்ளரைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். குடித்துவிட்டு, "உப்பு பத்தல" என்றார்.

மே 25, ஞாயிறு

குழிகள் 4, 5, 6. ஒன்றுமில்லை. இசக்கிமுத்து வந்து தோண்டினார். என்னோடு பேசவில்லை.

மே 26, திங்கள்

7, 8, 9. ஒன்றுமில்லை. வெயிலில் எனக்குத் தலை சுற்றியது. இசக்கிமுத்து கையைப் பிடித்து நிழலில் உட்கார வைத்து, "இன்னும் மூணு குழி இருக்கு, அதுக்குள்ள போயிராதிய" என்றார்.

மே 27, செவ்வாய்

10, 11, 12. ஒன்றுமில்லை. 16ஆம் தேதி கிடைத்த துண்டை இருபுறமும் தோண்டி அளந்தோம். பன்னிரண்டு மீட்டர், முனையில் மூடி.

மே 28, புதன்

முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

ஜெபசெல்வி பழைய இருப்புப் பதிவேட்டை எடுத்து வைத்திருந்தார். 1984இல் தெற்குக் காலனிக்கென்று 620 மீட்டர் குழாய் வாங்கி, கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகப் பதிவாகியிருக்கிறது. "பதிச்சது பன்னிரண்டு. மீதி எங்க போச்சுன்னு மேல கேப்பாங்க சார். பதில் இல்லன்னா, குழி தப்பான இடத்துல எடுத்தீங்க, தெருவோட இன்னொரு ஓரத்துல இருக்கும்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவாங்க. காலனி பட்டியல்ல நிக்கணும்னா அந்தக் குழாய் எங்கன்னு தெரியணும்." பிறகு மெல்லக் கேட்டார்: "உங்களுக்குத் தெரியுமா சார்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

இந்த நாட்குறிப்பிலும் நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். 1984, ஐப்பசி. காலையில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். மாட்டு வண்டியில் குழாய்கள் வந்து இறங்கின. எங்கள் பள்ளிக்கூடத் தெருவில் சபாபதி வீடு கட்டியிருந்தார், சேர்மனின் தம்பி வீடும் இங்கேதான். நான்கு நாளில் குழாய் பதித்து என் வீட்டோடு வேலையை முடித்தார்கள். பதினான்காம் தாளை அதற்கு முந்தின வாரம் கொடுத்திருந்தேன். எந்தக் குழாய் என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. ஐந்தாம் நாள் செண்பகம் குழாயைத் திறந்து, பச்சைப்பிள்ளைக்காரிக்கு இனிக் கிணற்றடிக்குப் போக வேண்டியதில்லை என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மே 29, வியாழன்

ஜெபசெல்வியிடம் சொன்னேன். பதிவில் இல்லாத குழாயை மாநகராட்சி என்ன செய்யும் என்று கேட்டேன். துண்டிக்கலாம், முறைப்படுத்தலாம், வாக்குக் கொடுக்க முடியாது என்றார். நாளைக் காலை எட்டு மணிக்கு அளந்துவிடலாம் என்று நானே நேரம் சொன்னேன்.

மாலை தெருவில் வீடு வீடாகப் போய்த் தெரிவித்தேன். இருபத்தாறு வீடுகள். மூன்று வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். நமச்சிவாயம் என் கையிலிருந்த குடையைப் பார்த்துக்கொண்டே, "நாளையிலேருந்து என் வீட்டுக்குப் பேப்பர் படிக்க வராதேயும்" என்றார். சரி என்றேன்.

செண்பகம் இரவுச் சாப்பாட்டை மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மே 30, வெள்ளி

எட்டு மணிக்கு ஜெபசெல்வி, மாடத்தி, இசக்கிமுத்து, இன்னும் இருவர் வந்தார்கள். எங்கே தோண்டுவது என்று கேட்டார்கள். தெரு முழுவதையும் மறிக்க வேண்டாம், மூன்று குழி போதும், முதல் குழி என் வாசலில் என்றேன். தெருவின் கடைசி வீடு என்னுடையது, குழாயும் இங்கேதான் முடிகிறது.

நமச்சிவாயம் தம் வாசலில் நின்று உரக்கச் சொன்னார்: "தோண்டுங்கப்பா. இத்தனை நாளும் அவரு குடுத்த மோருக்கும் சேத்துத் தோண்டுங்க."

மூன்று குழியிலும் குழாய். நான்கு அங்குலம், காலனி முகப்பில் பார்த்த அதே வார்ப்பு.

பிறகு பிரதான சாலை முனையிலிருந்து டேப் போட்டோம். மாடத்தி முன்னால் நடந்தார். இந்தத் தெருவை முப்பது ஆண்டு கூட்டியவர், எந்த வீட்டு வாசலில் எத்தனை படி என்றுகூட அவருக்குத் தெரியும். முப்பது மீட்டர் டேப், இருபது இழுப்பு, அதற்குமேல் ஆறு மீட்டர். என் மதில்வரை 606.

காலனிக்கு வராத குழாய் 608 மீட்டர். இரண்டு மீட்டர் குறைகிறது.

பரவாயில்லை சார், இது போதும் என்றார் ஜெபசெல்வி. எனக்கு மனம் ஒப்பவில்லை. தாளில் குறிப்புத் தவறாகப் போகக் கூடாது, மறுபடி முதலிலிருந்து அளக்கலாம் என்றேன்.

மாடத்தி டேப்பைச் சுருட்டியபடியே என் மதிலைப் பார்த்தார். "முனைக்கு எதுக்குத் திரும்பப் போணும்? அந்த ரெண்டு மீட்டரும் உங்க வீட்டுக்குள்ளதான் சார் போயிருக்கும். வேற எங்க போவும்?"

சேர்மன் காலத்து வேலை, உள்ளே எதுவரை போட்டார்கள் என்று நான் பார்த்ததில்லை.

செண்பகம் எப்போது கீழே வந்தாள் என்று தெரியவில்லை. வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் மாடத்தியைப் பார்த்துச் சொன்னாள்: "தொட்டி வரைக்கும் பெரிய குழாதான் போவுது. வாங்க, காட்டுதேன்."

மாடத்தி டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் உள்ளே போனார். நான் மதிலோரம் குனிந்து பூஜ்ஜியத்தைக் குழாய்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். உள்ளே இருவரும் தொட்டியோரத்து மண்ணைக் கிளறும் சத்தம் கேட்டது. பிறகு மாடத்தி எண்ணைப் படித்தார்.

"ரெண்டு மீட்டரு, பத்து."

எழுதிக்கொண்டேன்.

ஜெபசெல்வி வாசல் திண்டில் உட்கார்ந்தபடியே பட்டியலைத் திறந்து, கடைசி வரியாகத் தெற்குக் காலனியைச் சேர்த்தார். 608 மீட்டர், எண்பத்து நான்கு வீடுகள். பள்ளிக்கூடத் தெருவைத் தனித்தாளில் எழுதினார்: பதிவில்லாத குழாய், முடிவு நிலுவையில். இரண்டிலும் சாட்சியாகக் கையெழுத்திட்டேன். மாடத்தியும் போட்டார்.

மாலை 5.45க்கு நகராட்சி அலுவலகத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டதாகத் தளவாய் பேசினார். பட்டியல் அதற்கு முன்பே, 4.10க்கு, ஆற்றைத் தாண்டிவிட்டது.